மூன்று விரல் பிடி

ஜெனரேட்டர் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் அந்தக் கருவி கடையில் கிடைக்காது. ஒரு சாண் குழாய், அதன் நுனியில் நட்டைக் கவ்வும் வாய், குழாய்க்குள்ளே ஒரு ஸ்க்ரூ டிரைவர், பக்கவாட்டில் தோல் சுற்றிய பிடி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நான்தான் அதைச் செய்தேன். பிடியில் மூன்று விரல்களின் தடம் பதிந்திருக்கிறது. அது என் தங்கை வீட்டுக்காரருடையது.

அவரும் நானும் அந்த அறையில் ஒன்றாக வேலை செய்தோம். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். எஞ்சினில் வால்வு இடைவெளி வைப்பது எங்களுக்கு இரண்டு பேர் வேலை. ஒருவர் மெல்லிய அளவுத் தகட்டை அந்த இடைவெளியில் செருகிப் பிடிப்பார். மற்றவர் ஒரு கையால் திருகை அசையாமல் நிறுத்தி, மறு கையால் நட்டை முடுக்குவார். முடுக்குவதில் மச்சான் கெட்டிக்காரர். ஒரு நாள் ஃபேன் பெல்ட் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் கொண்டுபோனது. வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவருக்கு ஸ்பேனர் கையில் நிற்கவில்லை. தகடு பிடிப்பதுதான் மிஞ்சியது. மேனேஜர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். இதற்கு ஒரு ஆளா என்று என்றைக்குக் கேட்பாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அதனால்தான் செய்தேன். உள்ளங்கையால் ஸ்க்ரூ டிரைவரின் மேல் குமிழை அழுத்தினால் திருகு நிற்கும். அதே கையின் விரல்களால் பிடியை இழுத்தால் நட்டு இறுகும். கட்டிங் பிரிவில் கழித்துப்போட்ட அடித்தோலை நனைத்துப் பிடியில் சுற்றி, தடம் பதியும்வரை அவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். சாப்பாட்டு வேளை முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். "இன்னா மச்சான், மோதிரத்துக்கு அளவு எடுக்கிற மாதிரி எடுக்கிற? அந்த விரலே போய்ட்ச்சே" என்று சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் இடது கையில் தகடு, வலது கையில் கருவி என்று பன்னிரண்டு வால்வையும் தனியாக முடித்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானோ ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தேன். "பாருங்க சார், ஒரு ஆளே போதும். மச்சான் தனியாவே செஞ்சிடுவாரு" என்றேன். அவருக்காகத்தான் பேசினேன். இன்றுவரை எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். மேனேஜர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் முதுகில் தட்டினார்.

பத்தே நாளில் இருவரையும் அழைத்தார். "ஒரு ஆள் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வைத்துக்கொண்டது பத்து விரல் உள்ளவனை. நான் போகிறேன், அவர் இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் கருவியை என்னிடம் நீட்டி, "இந்தா, இனிமே உனக்குத்தான் வேணும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

இப்போது வாணியம்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். தங்கை ஒரே ஒரு முறைதான் அவர் வேலை போனதைப் பற்றிக் கேட்டாள்: "உன்ன யாருண்ணா அங்க பேசச் சொன்னாங்க?" நான் பேசியதைத்தான் கேட்டாள். பேசாமல் நின்றதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை.

போன வாரம் சர்வீஸுக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நான் கருவியை எடுத்து நட்டை முடுக்குவதை உற்றுப் பார்த்தார். அந்தத் தடத்தில் மூன்று விரல்தான் உட்காரும். மற்ற இரண்டையும் மடக்கிக்கொண்டுதான் நான் வேலை செய்கிறேன்.

"கைக்கு அளவா இல்லியே சார். தோலைப் பிரிச்சிட்டு வேற சுத்திக்கலாமே?" என்றார்.

"அது என் கைக்குச் செஞ்சது இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த நட்டுக்குப் போனேன். யார் கைக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியவில்லை.