மகளுக்குப் பெரியப்பா ஆன லிஃப்ட் மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தாறு வயது. அதில் பாதி, மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்கியே கழிந்திருந்தது. உள்ளே சிக்கியவர்கள் கத்தினால், "பதறாதீங்க, நான் இருக்கேன்" என்பார். அந்த 'நான்' யார் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழிலோ தகப்பன் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. எழுத்தைத் திருத்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லையாம். தகப்பனைச் சோதிக்க மட்டும் அதிகாரம் இருந்தது. கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு மரபணு எடுத்தார்கள்.

முடிவு வந்தது: இவர் தந்தை அல்ல, தந்தையின் உடன்பிறந்தவராக இருக்கலாம்.

ஒரே காகிதம் வீட்டில் இரண்டு பெண்களின் மானத்தை வாங்கிவிட்டது.

"உங்களுக்கு அண்ணன் தம்பியே கிடையாது. இதுல நான் யாரோட போனேன்னு சொல்றாங்க?" என்று மனைவி கொதித்தாள்.

"அப்ப நான் இன்னொண்ணப் பெத்து ஒளிச்சு வச்சிருக்கேனா?" என்று அம்மா சீறினாள்.

மெக்கானிக் யாரையும் சந்தேகப்படவில்லை. மகளுக்கு அப்படியே அவர் மூக்கு. ஆனாலும் பத்தாம் நாள் அந்தக் காகிதத்தோடு ஒரு மரபணு மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் விந்தணுவையும் வாங்கிச் சோதித்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். "உங்கம்மா வயித்துல ரெண்டு கரு. ஆரம்பத்துலயே ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரே ஆளாயிடுச்சு. எச்சில் ஒருத்தரோடது, விந்து இன்னொருத்தரோடது. பொண்ணு உங்க பொண்ணுதான்."

"அப்ப நான் யாரு டாக்டர்?"

"ரெண்டு பேரும்."

வீட்டில் அடுத்த பஞ்சாயத்து தொடங்கியது. "நீங்க எனக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா?" என்றாள் மகள்.

"முதல்ல வெளிய வந்தது இவன். இவன்தான் மூத்தவன்," என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். இளையவன் இன்னும் வெளியே வரவே இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"அப்ப நான் தம்பி பொண்டாட்டி. மரியாதையாத் தள்ளி உக்காருங்க," என்று மனைவி பல நாள் கழித்துச் சிரித்தாள்.

அலுவலகம் சிரிக்கவில்லை. "தம்பிய வரச் சொல்லுங்க," என்றார் குமாஸ்தா.

"வந்திருக்கான் சார்."

குமாஸ்தா அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு மருத்துவரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "சரி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஒரே மாதிரி இருந்தா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

மெக்கானிக் தன்னுடையதைக் கிறுக்கிவிட்டு, பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். இத்தனை வருஷத்தில் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிறகு நிதானமாக, சாய்த்து, வளைத்து எழுதினார்.

"தம்பி கையெழுத்து லட்சணமா இருக்கே," என்று முத்திரை குத்தினார் குமாஸ்தா.

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.