ஏரிக்கரையில் பேசிய தமிழ்

தொண்ணூறுகளின் கடைசி. கணவருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி கொல்கத்தா வந்து ஜாதவ்பூர் பக்கம் குடியிருந்தோம். நாற்பது வயதிலேயே எனக்குச் சர்க்கரை, கூடவே தைராய்டு. எடை ஏறிக்கொண்டே போனது. நடந்தது போதும், கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ்த் தோழியைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு, சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக தினமும் விடிந்ததும் டாக்குரியா ஏரிக்கரைக்குக் கிளம்பினேன்.

பெரிய ஓட்டமெல்லாம் இல்லை. நூறு அடி ஓடினால் மூச்சு வாங்கும். அங்கே என்னைவிட மெதுவாக ஓடியவர் ஒரே ஒருவர்தான். அறுபது வயதிருக்கும் ஒரு வங்காளி, குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக வருவார். அவரைத் தாண்டுவதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்!

"தேர் வருதுடி, வழி விடு" என்பேன்.

"வடம் பிடிக்க ஆள் வேணுமாம்" என்பாள் தோழி.

அவர் பக்கத்தில் வரும்போதே சொல்லிச் சிரிப்போம். இந்த ஊரில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியம். பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும்கூட எங்களுக்கு இதே பழக்கம்தான்.

மூன்றாவது வாரம் ஒருநாள் தோழி வரவில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் போய்விட்டேன். அவரைத் தாண்டிய மிதப்பில் இன்னும் வேகமெடுத்தேன். திடீரென்று வியர்த்துக் கொட்டியது, கை கால் நடுங்கியது, கண் இருட்டியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவர் அவர்தான்.

"பயம் வேண்டாம் தீதி. இதை வாயில போடுங்க" என்றார். 'அக்கா'வுக்கு மட்டும் வங்காளத்துத் 'தீதி', மீதியெல்லாம் தமிழ். பாக்கெட்டிலிருந்து இரண்டு மிட்டாய்களை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். நடுக்கம் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"தமிழ் எப்படி..." என்று இழுத்தேன்.

"நாலு மாசம் வேலூர்ல இருந்தேன். ஹார்ட் ஆபரேஷன். லாட்ஜ் அம்மா கத்துக் குடுத்தாங்க. உங்க ஊர்க்காரங்கதான் என்னைப் பொழைக்க வெச்சாங்க."

நான் தமிழ் என்பது எங்கள் பேச்சைக் கேட்டுத்தானே அவருக்குத் தெரிந்திருக்கும்? கூனிக் குறுகிப்போனேன். நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதரையா இத்தனை நாள் கேலி செய்தேன்! அவரோ எதுவும் நடக்காததுபோல ரிக்‌ஷா பிடித்து ஏற்றிவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் கண்ணில் படாமலிருக்க சாயங்காலம் ஓடப் போனேன். அடுத்த வருடமே எங்களுக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போதும் ஓடுகிறேன், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கேலி பேச அவ்வளவு சரளமாகத் தமிழ் வந்த எனக்கு, அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கக்கூடிய 'மன்னிச்சிடுங்க' மட்டும் அன்று ஏன் வரவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.