சகலை சரிபார்த்த கையெழுத்து

ஆபீசில் அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். கடிதங்களுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும் புரோகிராமை ஜாவாஸ்கிரிப்டில் ஒற்றை ஆளாக எழுதியவர். ஆளுக்கொரு ரகசியச் சாவி, அதைக்கொண்டு கையெழுத்து. ஜோடியான பொதுச் சாவியால் அது யார் போட்டது என்று எவரும் சரிபார்க்கலாம். புரோகிராம் அடிக்கடி மக்கர் பண்ணும். பண்ணினால் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். மனுஷன் உயிர் வாழ்ந்ததே அதில்தான்.

அதற்கும் வேட்டு வைத்தான் சகலை. மனைவியின் தங்கை புருஷன், அதே ஆபீசில் பக்கத்து மேஜை. யாரோ எழுதி இலவசமாக வைத்திருந்த லைப்ரரி ஒன்றை, அதாவது ஆயத்தப் புரோகிராம் தொகுப்பை, கொண்டுவந்து, இவர் பக்கம் பக்கமாக எழுதியதை நாலைந்து வரியில் முடித்துவிட்டான். மக்கரே இல்லை. ஆபீசே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. போதாக்குறைக்கு மாமனார் வேறு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சின்ன மாப்பிள்ளை புராணம். பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது.

மாற்றி எழுதிய புரோகிராமை ஒருதரம் படித்துப் பாருங்கள் என்று சகலை கெஞ்சாத குறையாகக் கேட்டான். இவர் வீம்புக்குத் திறக்கவே இல்லை. இரவல் சட்டைக்கு இவ்வளவு மிடுக்கா என்று மனைவியிடம் பொருமினார்.

புரோகிராம் எழுதும் குழுவுக்கு யாரைத் தலைவராக்குவது என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். எப்படியும் அது தனக்கே வரவேண்டும் என்று சாவிக்காரர் ஒரு காரியம் செய்தார். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் அனுப்பினார். புது லைப்ரரி கண்டவன் போட்ட கையெழுத்தையும் சரி என்கிறதாம். அண்டப் புளுகு.

சாயங்காலம் சகலை மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, பேரு போடலைன்னா கையெழுத்தும் விழாதுன்னு உங்க புரோகிராம்ல ஒரு ஓட்டை இருந்துச்சுல்ல? அதை அடைச்சுட்டேன். இப்ப யாரு மெஷின்லேர்ந்து போனாலும் அவங்க சாவியிலயே கையெழுத்து விழுந்துடும்."

திரையில் மொட்டைக் கடிதம். அடியில் இவருடைய பெயர், பக்கத்திலேயே 'கையெழுத்து சரி'.

"பேரில்லாத கடிதமெல்லாம் முதல்ல என்கிட்டதான் வரும். மேனேஜர் பார்க்கல," என்றவன் அதை அவர் கண்ணெதிரிலேயே அழித்தான். "வீட்டுலயும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே."

நன்றி சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. கெட்டிக்காரத்தனம் அவனுக்குப் போனது போதாதா? பாவி, இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கேவா வாய்க்க வேண்டும்?

தலைவர் பதவி சகலைக்கே போயிற்று. மனமார வாழ்த்துவதாகச் சாவிக்காரர் ஒரு கடிதம் எழுதி, இந்த முறை மறக்காமல் பெயரும் போட்டார். லைப்ரரி சரிபார்த்தது. கையெழுத்து சரி என்றது. உள்ளே இருப்பது முழுப்பொய் என்று அதற்கு எப்படித் தெரியும்?