பெரிய மணிக்கும் ஓர் எழுத்து

அலமாரியை ஒழிக்கும்போது, பழைய கீபோர்டு இருந்த பெட்டிக்குள் அம்மாவின் ஜெபமாலை கிடைத்தது. மணிகள் உரசிய சத்தத்தில் திண்டுக்கல் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே போய்விட்டேன்.

அக்கா அப்போது ஆராய்ச்சி மாணவி. புத்தகத்தில் அச்சாகியிருந்த மரபணு எழுத்துகளை அம்மா வாசிக்க, அவள் கம்ப்யூட்டரில் தட்டுவாள். எழுத்துகள் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். "ஜெபமாலையும் பத்துதானடி" என்று அம்மா மணிக்கு ஒன்றாக உருட்டினாள். "ஏ, டி, ஜி, ஜி…" பக்கத்தில் சோறும் வெஞ்சனமும் ஆறிக்கொண்டிருந்தன.

அந்த எழுத்துகளைப் புரதமாக மாற்றிக் காட்டும் சாஃப்ட்வேர், புரதம் பாதியிலேயே முடிந்துவிட்டதாகக் காட்டியது. மறுநாள் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. சரிபார்த்தால், ஒவ்வொரு பத்தாவது எழுத்தும் இரண்டு தரம் இருந்தது. பத்து மணிக்கு அடுத்து வரும் பெரிய மணிக்கும் அம்மா அதே எழுத்தைச் சொல்லியிருக்கிறாள். மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய எழுத்துகளில் ஓர் எழுத்து கூடினாலும் பின்னால் வருவதெல்லாம் குழம்பிவிடும்.

"பெரிய மணியச் சும்மா விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"அதுக்கு எப்பவும் ஜெபத்துல சொல்ற பரலோக மந்திரத்தச் சொல்லும்மா, எழுத்தச் சொல்லாத!"

அப்படியே வாசித்தாள். புரதம் முழுசாக வந்தது.

"பாத்தியா, மந்திரத்தச் சொன்னதும் சரியாயிருச்சு" என்றாள் அம்மா.

ஜெபமாலையைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இப்போது அவளே பேராசிரியை. உடனே பதில் வந்தது: "இப்பவும் ஃபைல ஏத்திட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லிருவேன். என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்லிராத."