பெனிட்டா சொல்லாமல் விட்ட ஓட்டை

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பெனிட்டாவுக்கு இது ஒன்பதாவது வருடம். தொழிலாளிகள் போனில் ஷிப்ட் பஸ்ஸுக்கு இருக்கை பிடிக்கும் செயலியைத் தனியாளாக எழுதியவள் அவள்தான்.

இந்த ஆடி மாதத்திலிருந்து அது மதியம் இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரம் பார்த்துப் படுத்துக்கொண்டது. கூட்டம் அதிகம், பெரிய சர்வர் வேண்டும் என்றாள் பெனிட்டா. பெரிய சர்வர் வந்தும் படுத்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது குன்றத்தூரிலிருந்து வரும் சுகப்பிரியா. அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம். கடைசி இருக்கையை இரண்டு பேர் ஒரே நொடியில் தொட்டால், செயலி இருவரிடமும் காலி என்று சொல்லிவிடுகிறது. பிறகு இருவர் பெயரையும் எழுதப்போய் முட்டிக்கொண்டு, விடாமல் திரும்பத் திரும்ப முயன்று, மற்ற எல்லாரையும் காக்க வைத்துவிடுகிறது. யாராவது வேண்டுமென்றே இதைச் செய்தால் மொத்த ஷிப்டையும் நிறுத்திவிடலாம் என்றவள், மீட்டிங்கில் இரண்டு போன்களை வைத்துச் செய்தே காட்டினாள்.

மேனேஜர் புருஷோத்தமன் எழுந்து கை தட்டினார். “இன்னா பெனிட்டா, இத்தினி வருசமா இது உன் கண்ணுல படவேயில்லியா?” என்று சிரித்தார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. ஆனாலும் அன்று மதியம் பெனிட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சுகப்பிரியா செய்த திருத்தம் எளிமையானது. முதலில் தொட்டவருக்கு இருக்கை பூட்டப்படும். அவர் உறுதி செய்யும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். புதன்கிழமை பெனிட்டா அதைக் குறை தேடுவதற்கென்றே வரி வரியாகப் படித்தாள். குறை கிடைத்தது. காத்திருப்புக்குக் காலக்கெடுவே இல்லை. பூட்டியவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், பின்னால் நிற்பவர்கள் சேர்ந்து சேர்ந்து செயலி மறுபடி முடங்கும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முடங்கியது. செயலியிலிருந்து இருக்கைப் பட்டியல் வராமல் பஸ் கிளம்பாது. முதல் ஷிப்ட் முடித்த பெண்கள் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார்கள். அவர்களில் பெனிட்டாவின் தங்கை கிளாராவும் ஒருத்தி. வெளிறிப்போன சுகப்பிரியாவின் முகத்தைப் பார்த்தபோது பெனிட்டாவுக்கு வயிறு குளிர்ந்தது.

சுகப்பிரியா நேராக அவளிடம்தான் வந்தாள். “எங்க தப்பு பண்ணேன்னே தெரியலக்கா. கொஞ்சம் பாருங்களேன்.”

பெனிட்டா தேடவில்லை. அந்த வரிக்கே போய்க் காலக்கெடு எழுதினாள். இருக்கையைப் பிடித்து வைக்க இருபது நொடி. காத்திருப்பவருக்கு மூன்று நொடி, அதற்குமேல் வேறு இருக்கை பார்க்கச் சொல்லிவிடும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே முயற்சி. பத்து நிமிடத்தில் செயலி எழுந்துகொண்டது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

“புதன்கெழமையே தெரியும்.”

சுகப்பிரியா தன் இடத்துக்குப் போனாள். மாலையில் அவள் அனுப்பிய அறிக்கையில், தன் திருத்தத்தில் ஓட்டை இருந்தது, அதைக் கண்டுபிடித்து அடைத்தவர் பெனிட்டா என்று இருந்தது. புதன்கிழமை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புருஷோத்தமன் பாராட்டி எழுதிய பதிலை பெனிட்டா மூன்று முறை படித்தாள். ஆசைப்பட்ட பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் இப்படி விட்டுக்கொடுக்கும் மனசும் சுகப்பிரியாவுக்கே அமைந்துவிட்டதே என்ற எரிச்சலோடுதான் ஷேர் ஆட்டோ ஏறி, படப்பையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.