‘பார்க்கலாம்’ என்றால் இல்லை

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். இடம் ஆஸ்திரியாவின் வியன்னா நகரம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அரையாண்டு படிக்கப் போயிருந்தேன். எங்கள் வீடு மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். நான் ‘அனைத்துலக உறவுகள்’ படிக்கிறேன் என்று சொன்னபோது, அது ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றிய படிப்பு என்றுதான் எங்கள் தாமானில் பாதிப் பேர் நினைத்தார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் அதற்காகவே திட்டு வாங்குவேன். ஆனால் வியன்னாவுக்குப் போன முதல் வாரமே அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. வகுப்பில் ஏதோ கேட்டதற்கு நான் எங்கள் ஊர் வழக்கம்போல வாக்கியக் கடைசியில் ‘லா’ போட்டுப் பதில் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் அன்பாகத்தான் கேட்டாள், அந்த ‘லா’வுக்கு என்ன அர்த்தம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு எழுதிப் பார்த்துக்கொள்ளாமல் ஒரு வாக்கியம்கூட நான் பேசவில்லை.

அந்த அரையாண்டின் முக்கியமான பாடம் பேச்சுவார்த்தை. மாணவர்களே ஐந்து நாடுகளாகப் பிரிந்து உட்கார வேண்டும். அந்த ஐந்து நாடுகள் வழியாகவும் ஒரு கற்பனை ஆறு ஓடுகிறது. அதன் தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது என்று மூன்று நாள் பேசி ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் ஒப்பந்தம் கிடையாது, வகுப்பு மொத்தமும் ஃபெயில். மற்றவர்களுக்கு அது ஒரு பாடம் போன கதை. எனக்கோ ஊருக்குத் திரும்பி இன்னோர் அரையாண்டு கூடுதலாகப் படிக்க வேண்டிய கதை. வெளிநாடு போய் ஃபெயிலாகி வந்தவள் என்று தாமானில் பேர் வாங்குவதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்களுடையது ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் கடலோர நாடு. என் கூட்டாளி ஓர் ஆஸ்திரியப் பையன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசினான். முதல் இரண்டு நாளும் நான் குறிப்பெடுத்தேன், அவ்வளவுதான். ஆறு பிறக்கும் இடத்தில் அணையோடு இருந்தது மலை நாடு. அதற்குச் சுமத்ராவிலிருந்து வந்த ஓர் இந்தோனேசியப் பையன். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்பதால் தனியாக உட்கார்ந்திருந்தான். எதைக் கேட்டாலும் சிரிப்பான், அதிகம் பேச மாட்டான்.

மூன்றாம் நாள் ஒப்பந்தம் தயாராகிவிட்டது. கோடையில் மலை நாடு அணையைத் திறந்து கீழ்நாடுகளுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் அதன் உயிர். தலைமை தாங்கிய ஜெர்மன் பெண் ஒவ்வொரு நாடாகச் சம்மதம் கேட்டு வந்தாள். இந்தோனேசியப் பையனின் முறை வந்தபோது அவன் அழகாகச் சிரித்து, “பார்க்கலாம், முடியும் என்றுதான் நினைக்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவள் ‘சம்மதம்’ என்று எழுதிக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். காப்பி குடித்துவிட்டு வந்து கடைசி வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள்.

நான் மட்டும் கைதட்டவில்லை. அந்தப் பதிலை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைக்கப் போனால், வருகிறவர்கள் எந்த நாள், எந்த மண்டபம் என்று விசாரிப்பார்கள். வராதவர்கள் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்து, “பாக்கலாம் லா, வரப் பாக்குறோம்” என்பார்கள். அந்த வீட்டுக்கு அம்மா சாப்பாட்டுக் கணக்கே போட மாட்டார். மலாய்க்கார அண்டை வீட்டிலும் இதே பாஷைதான். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வாய் வராதவர்கள் எல்லாரும் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள்.

கூட்டாளியிடம் சொன்னேன், அந்த இந்தோனேசியப் பையன் மறுத்துவிட்டான் என்று. முடியும் என்று அவன் வாயாலேயே சொன்னானே, நன்றாகப் போவதைக் கெடுக்காதே என்றான் இவன். இவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. வாக்கெடுப்பில் அந்தப் பையன் கை தூக்காவிட்டால் எல்லாம் போச்சு.

அவன் காப்பிக் கோப்பையோடு ஜன்னலோரம் நின்றிருந்தான். பக்கத்தில் போய், அந்த ஊருக்கு வந்த பிறகு முதன்முறையாக மலாய் பேசினேன். மலாயும் அவர்கள் மொழியும் ஏறக்குறைய ஒன்றுதான். வா, வெளியே ஒரு பூசிங் போய்விட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் பூசிங் என்றால் ஒரு சுற்று சுற்றி வருவது. தமிழ் பேசும்போதுகூட அதைத்தான் சொல்வோம். அவன் முகம் மாறிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“தலை சுத்துதா அக்கா? உட்காருங்க, தண்ணி எடுத்து வர்றேன்.”

அவர்கள் மொழியில் பூசிங் என்றால் தலைச்சுற்றல் என்று அர்த்தமாம். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது. எத்தனையோ வாரமாக அடைத்துக்கிடந்த என் வாய் அந்தச் சிரிப்பில் திறந்துகொண்டது.

வெளியே நடந்துகொண்டே நேராகக் கேட்டேன், நீ சொன்னது இல்லை என்றுதானே என்று. தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி மறுப்பது என்றான். கோடையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் குளிர்காலத்தில் மின்சாரம் எடுக்க அணையில் தண்ணீர் இருக்காது. அவன் நாடு இருட்டில் குளிரில் விறைக்கும். அதனால் வாக்கெடுப்பில் கை தூக்காமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். மூன்று நாளில் உனக்கு என்ன வேண்டும் என்று அவனை ஒருவர்கூடக் கேட்கவில்லை. குளிர்காலத்தில் நாங்கள் கரண்ட் கொடுத்தால் என்று நான் ஆரம்பித்ததுமே அவன் நின்றுவிட்டான். கொடுத்தால் அணையைத் திறக்கிறேன் என்றான். ஆனால் சம்மதம் என்று எழுதிக்கொண்டு கைதட்டிய பிறகு தன்னால் வாய் திறக்க முடியாது, நீங்களே சொல்லுங்கள் அக்கா என்றான்.

நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தபோது வாக்கெடுப்புக்குத் தயாராக இருந்தார்கள். எழுந்து நின்றேன். எழுதிப் பார்க்க நேரமில்லாததால் ஊரில் பேசுகிற ஆங்கிலமே வந்தது.

“அவர் அப்பவே இல்லைன்னு சொல்லிட்டார் லா. நமக்குத்தான் கேக்கல.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைமைப் பெண் அவனைப் பார்த்தாள். அவன் முகம் சிவந்து, மெல்லத் தலையசைத்தான். கூடம் முழுக்க ஒரு முனகல். ஒருவன் பேனாவையே வீசினான். நான் உட்காரவில்லை. அணையைத் திறந்தால் குளிர்காலத்தில் எங்கள் நாடு மின்சாரம் தரும் என்றேன். கூட்டாளி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். நம் நாட்டில் எரிவாயு மிச்சம் இருக்கிறது, அதில் மின்சாரம் எடுக்கலாம், நமக்குக் கொடுத்திருக்கும் விவரத்திலேயே இருக்கிறது, படித்துப் பார் என்று அவனிடம் சொன்னேன். இரண்டு நாள் குறிப்பெடுத்தவள் ஆயிற்றே. அவன் புரட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு அவனும் எழுந்து என் பக்கத்தில் நின்றான்.

அதற்குப் பிறகு பெரிய சண்டை நடந்தது. மின்கம்பி எந்த நாடு வழியாகப் போவது, உடைந்தால் யார் பார்ப்பது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் இப்போது எல்லாரும் மனதில் இருப்பதைத்தான் பேசினார்கள். இந்தோனேசியப் பையன்கூட மேசையைத் தட்டி ஒரு முறை முடியாது என்றான். சாயங்காலம் வாக்கெடுப்பு வந்தபோது முதலில் உயர்ந்தது அவன் கைதான். ஐந்து நாடுகளும் சம்மதம். நான் எந்தக் கூச்சமும் இல்லாமல் கத்தினேன். ஆஸ்திரியக் கூட்டாளி என்னைத் தூக்காத குறை.

அடுத்த வகுப்பில் பேராசிரியர் பாடம் நடத்தவில்லை. என்னையும் அந்தப் பையனையும் பலகைக்கு முன்னால் நிறுத்தி, இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்வது எப்படி என்று நடத்தச் சொன்னார். எகிப்துக்காரி ஒன்று சொன்னாள், பிரேசில்காரன் ஒன்று சொன்னான், பலகை நிறைந்துவிட்டது. ‘பார்க்கலாம்’ என்பதைத் தமிழிலேயே எழுதினேன். வகுப்பு மொத்தமும் அதை உச்சரித்துப் பழகியதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதைச் சொல்லவா பிளேன் ஏறிப் போனாய் என்றார். ஆனால் நான் ஊருக்குத் திரும்புவதற்குள் கதை கடைத்தெரு வரைக்கும் போய் வளர்ந்திருந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு நிஜ நாடுகளுக்கு நான் கரண்ட் வாங்கிக் கொடுத்ததாகச் சாப்பாட்டுக் கடையில் என் காதாலேயே கேட்டேன். அப்பா அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மை தெரியும். ஆனால் அவர் அதைத் திருத்தவேயில்லை.

இப்போது வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதுதான் என் வேலை. எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே சம்மதம் என்று சொன்னால் நான் பேனாவைத் திறப்பதில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டு, அவர் ஒரு முறையாவது முடியாது என்று சொன்ன பிறகுதான் திறக்கிறேன்.