டீக்கடையில் விசாரித்த கம்பெனி

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தில் நான் பொறியியல் படிப்பை முடித்த வருடம் நடந்தது இது. எங்கள் வலியசாலைத் தெருவில் மின்னணுவியல் படித்த பெண் அப்போது நான் மட்டும்தான். வேலை கிடைக்குமா என்று வீட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிடைத்தன. கவலை அதற்குப் பிறகுதான் அதிகமானது.

முதலாவது, அரசு சார்ந்த ஒரு பெரிய நிறுவனம். தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவு, நிரந்தர வேலை, போய்வர நிறுவனத்தின் பேருந்து. இரண்டாவது, பாப்பனங்கோட்டில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்துவந்த சிறு கம்பெனி. தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியை அங்கே செய்தார்கள். கருவிக்குள் மைக்ரோபிராசசர் இருந்தது. கல்லூரியில் நாங்கள் அதைக் கரும்பலகையில்தான் பார்த்திருந்தோம். நேர்முகத்துக்குப் போன அன்று அங்கிருந்த இரண்டு இன்ஜினீயர்கள் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வேலை செய்யாத ஒரு சர்க்யூட் போர்டைக் கையில் கொடுத்து, என்ன கோளாறு என்று பாருங்கள் என்றார்கள். பார்க்க உட்கார்ந்தேன். சாப்பாட்டு வேளை தாண்டியது தெரியவில்லை. முதலாளி எஸ்டேட்டுக்குப் போயிருக்கிறார், அவர் வந்ததும் தபால் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னபடி வந்தது.

எனக்கு அந்த ஓட்டு வீடு பிடித்துவிட்டது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதை ஒரு காரணமாக எங்கள் வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய நிறுவனத்துக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பா செயலகத்தில் பிரிவு அலுவலர். தேர்வு எழுதி ஒரே வேலையில் சேர்ந்து அங்கேயே இருந்தவர். ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வரனை விசாரிப்பதில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு ஜாதகம் பொருந்தினால் அடுத்தது 'அன்வேஷணம்'. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல், அந்த வீட்டைச் சுற்றி விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அக்காவுக்கு வரன் வந்தபோது நாகர்கோவிலுக்குப் போய், பால்காரரிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும் பேசிவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்காமலே திரும்பி வந்தவர் அவர். என் வேலைக்கும் அதையே செய்வது என்று தீர்மானித்தார்.

"ஏன்னா, கம்பெனிக்கு எதுக்கு அன்வேஷணம்? தாலி கட்டவா போறா?" என்று அம்மா கேட்டாள்.

"தினமும் விடிஞ்சு போனா பொழுது சாஞ்சுதான் வரப்போறா. நம்மாத்துல இருக்கறதைவிட அங்கேதான் ஜாஸ்தி இருக்கப்போறா. விசாரிக்காம விட முடியுமோ?"

பெரிய நிறுவனத்தைப் பற்றி அப்பா பலரிடம் கேட்டார். அங்கே வேலை பார்ப்பவர்கள், அவர்களுடைய உறவினர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒரு குறையும் கிடையாது. வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாப்பனங்கோட்டுக்குப் போனார். ஓட்டு வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அதன் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அதை எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார். அந்த மனிதர் மலையாளி, கோயம்புத்தூரில் இருந்தவராம், அதனால் தமிழ் நன்றாகப் பேசினாராம். சட்டையில் தீப்பொறி பட்டதுபோல் பொத்தல் பொத்தலாக இருந்ததாம்.

சம்பளம் ஒழுங்காகக் கிடைக்குமா என்று அப்பா கேட்டிருக்கிறார். "கிட்டும் சாரே. பக்ஷே ஒண்ணாம் தேதி கிட்டும்னு நினைக்க வேண்டாம். எஸ்டேட்காரன் செக் அனுப்பினாத்தான் இங்க பொங்கலும் ஓணமும்."

முதலாளி ஆள் எப்படி?

"குடி இல்ல. கோபம் உண்டு. வந்தா ஸ்க்ரூ டிரைவரை மேசையில ஓங்கிப் போடுவான். ஆளு மேல போட்டதா இதுவரைக்கும் கேள்விப்படல."

பெண்கள் வேலை பார்க்கிறார்களா?

"மூணு பேர் உண்டு. மரியாதைக்குக் குறைவில்ல. ஆனா கக்கூஸ் ஒண்ணுதான், அதுக்குத் தாழ்ப்பாள் சரியில்ல. நன்னாக்கணும்னு சொல்லிட்டே இருக்கான், நடக்கல."

அப்பா கடைசி வரியைச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தாழ்ப்பாள் ஒன்றே போதும் என்பது அவருடைய முடிவு. அங்கே ஒரு குறையும் இல்லை, இங்கே குறையைத் தவிர வேறு இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்.

நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் பேசினாள். "ஒரு குறையும் இல்லைன்னு ஊரே சொன்ன வரன் ஒண்ணு வந்துதே, ஓர்மை இருக்கா? பி.ஏ. பாஸ்னு சொன்னா. கடைசியிலே அவன் பரீட்சை எழுதவே இல்லை."

அக்காவுக்கு வந்த முதல் வரன் அது. அப்பா மோர் ஊற்றிக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து, என்னைப் பார்த்து, முதல் தடவையாக என் அபிப்பிராயத்தைக் கேட்டார். எனக்கு அங்கே போகத்தான் ஆசை என்றேன். அந்த போர்டில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் நேரமாகிவிட்டது, அது இன்னும் மனசிலேயே இருக்கிறது என்றேன். அவர் அதைப் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. "சனிக்கிழமை ரெண்டு பேருமா போவோம். முதலாளியைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை போனோம். முன்னறையில் எங்களை உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். சட்டையில் பொத்தல்கள். பற்றவைக்கும்போது ஈயம் தெறித்துப் பட்டவை என்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றார். திரும்பி, ஜன்னல் வழியாக எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"இருங்க சாரே," என்றார் முதலாளி. "டீ வரச் சொல்லட்டா? அதே கடைதான்."

அப்பாவின் காது சிவந்திருந்தது. "நீங்கதான்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சார் கம்பெனியைப் பத்திக் கேட்டீங்க. நான் சொன்னேன். முதலாளி எங்கன்னு சார் கேக்கலையே? நான்தான்னு சொல்லியிருந்தா சார் பின்னெ தாழ்ப்பாளைப் பத்தியா கேட்டிருப்பீங்க?"

அப்பா உட்கார்ந்தார். டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பாமல் அப்பாவிடமே பேசினார். "சாரே, அன்னைக்கு ஒரு காரியம் விட்டுப் போச்சு. கடையில நாலு பேர் இருந்தாங்க, அங்க வச்சுச் சொல்ல முடியல." வித்துராவுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் வைத்த இரண்டு கருவிகள் மூடுபனி இறங்கினால் தப்பான சூடு காட்டுகின்றன. சீசனுக்குள் அதைச் சரி செய்யவில்லை என்றால் அந்த எஸ்டேட்காரர்கள் அடுத்த ஆர்டர் தர மாட்டார்கள். தராவிட்டால் அடுத்த வருடம் கம்பெனி இருக்கும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. "மோள் நல்ல இடத்தை விட்டுட்டு இங்க வந்தா, இது அறிஞ்சிட்டு வரணும்."

உள்ளறையில் யாரோ ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா, வரன் விசாரிக்கப் போகும் இடங்களில் கடைசியாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"உங்காத்துப் பொண்ணா இருந்தா இங்கே அனுப்புவேளா?"

"உள்ளே ரேடியோ திருப்பறது என் தங்கச்சி சாரே. தாழ்ப்பாளுக்கு தினமும் என்னைத் திட்டறதும் அவதான்."

அப்பா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார். சேர்கிறேன் என்றேன். எழுந்து கிளம்பும்போது அப்பா கொல்லைப்புறம் போய்விட்டு வருவதாகச் சொன்னார். திரும்பி வந்து முதலாளியிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "திங்கக்கிழமை அவ வரதுக்குள்ளே தாழ்ப்பாள் போட்டுடுங்கோ."

திங்கட்கிழமை புதுத் தாழ்ப்பாள் இருந்தது. சனிக்கிழமை வீடு திரும்பியதுமே பெரிய நிறுவனத்துக்கு, வர இயலவில்லை என்று மரியாதையாக எழுதித் தபாலில் போட்டிருந்தேன். சில வாரங்களில் வித்துரா பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனேன். ஈரம் போர்டில் படிந்துதான் தப்புக் காட்டுகிறது என்று நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து கண்டுபிடித்து, மேலே வார்னிஷ் பூசிச் சரி செய்தோம். அடுத்த ஆர்டர் வந்தது. ஆனாலும் சில வருடங்களில் பெரிய கம்பெனிகள் அதே கருவியை மலிவாகக் கொண்டுவந்தபோது எங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூடுவதற்குப் பல மாதங்கள் முன்பே அவர் எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். வேலை நேரத்திலேயே வேறு நேர்முகங்களுக்குப் போய்வரச் சொன்னார். நான் வீட்டில் வந்து சொன்னபோது அப்பா வருத்தப்படவில்லை. "அந்த மனுஷன் சொன்னதெல்லாம் நிஜமாக்கும்" என்று மட்டும் சொன்னார். ஒரு வரனைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிற்காலத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நேர்முகத்துக்கு வரும் பிள்ளைகளோடு கூட வரும் அப்பாக்கள் வாசலுக்கு எதிரே டீக்கடையில் காத்திருப்பார்கள். நானும் அங்கே போய் டீ வாங்கிக்கொண்டு உட்கார்வேன். யாராவது பேச்சுக் கொடுத்து எங்கள் கம்பெனியைப் பற்றி விசாரித்தால், குறைகளிலிருந்துதான் இன்றுவரை தொடங்கியிருக்கிறேன்.